பவுண்டில் எல்.பி. எப்படி வந்தது?

உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் சிலவற்றில் '10 எல்.பி.' என்று பொறித்திருக்கும். எல்.பி. என்றால் பவுண்டு. ஆனால் பவுண்டு என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அதில் எல்லும் கிடையாது, 'பஸ்'ஸுக்கு எழுதுகிற பி-யும் கிடையாது!

இது ரோமானியர் செய்த வேலை. அவர்கள் 'லிப்ரா போண்டோ' என்பார்கள். லிப்ரா என்றால் தராசு. ஓர் எடைக்கும் அதுவே பெயர், இன்றைய கணக்கில் சுமார் 327 கிராம். போண்டோ என்றால் 'நிறுத்துப் பார்த்தால்'. ஆங்கிலேயரின் முன்னோர் பேச்சில் பின்பாதியை எடுத்துக்கொள்ள, அது பவுண்டு ஆனது. கணக்கு எழுதியவர்கள் முன்பாதியைச் சுருக்க, எல்.பி. வந்தது. பிரிட்டிஷ் பணத்தின் பவுண்டுக் குறியும் குறுக்குக் கோடு போட்ட எல்தான். ஒரு காலத்தில் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்பது அங்கே கணக்கு.

லிப்ராவில் பன்னிரண்டில் ஒரு பங்கு 'உன்சியா'. அதுதான் அவுன்ஸ். ஓர் அடி நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் அதே பெயர். அது இன்ச் ஆனது. அப்படியானால் இன்றைய பவுண்டில் ஏன் 16 அவுன்ஸ்? கம்பளி போன்ற சரக்கை நிறுக்க வணிகர்கள் கொண்டுவந்த வேறொரு பவுண்டு அது; 453.6 கிராம்.

தராசுக்கு ஆங்கிலத்தில் பேலன்ஸ் என்று பெயர். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு 'இரட்டைத் தட்டு' என்று பொருள். இரண்டு தட்டு இருப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலாவில் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். பூமியில் 6 கிலோ காட்டும் பொருளுக்கு அங்கே சுருள்வில் தராசு 1 கிலோதான் காட்டும். இரட்டைத் தட்டுத் தராசோ அங்கும் 6 கிலோ என்றே சொல்லும். படிக்கல்லின் எடையும் அதே அளவு குறைந்துவிடுகிறதே!

எனக்குப் பிடித்த சொல் கேரட். காய்கறியை நினைக்காதீர்கள், இது வைரத்தை நிறுக்கும் கேரட். மத்தியதரைக் கடலோரம் கேரோப் என்றொரு மரம் வளர்கிறது. அதன் காய் கொம்பு போல வளைந்திருப்பதால் கிரேக்கர்கள் அதைச் 'சின்னக் கொம்பு' என்றார்கள். கேரட் அதிலிருந்து பிறந்தது. நம் ஊர்ப் பொற்கொல்லர் குன்றிமணி வைத்து நிறுத்தது போல, அங்கே இதன் விதையை வைத்து நிறுத்தார்கள். எல்லா விதையும் ஒரே எடை என்று வெகுகாலம் நம்பினார்கள். 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் நிறுத்துப் பார்த்தபோது, மற்ற விதைகளைப் போலவே இவையும் கூடக்குறைய இருந்தன. ஆனால் கண்ணால் பார்த்துப் பொறுக்கினால் ஏறக்குறைய சம எடை விதைகளைத் தேர்ந்தெடுக்க முடிகிறதாம். 1907-ல் கேரட்டை 200 மில்லிகிராம் என்று வரையறுத்த பிறகு, விதைக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

லிப்ராவுக்குக் கிரேக்கத்தில் 'லித்ரா' என்றொரு உறவு உண்டு. பால் அளக்கிற லிட்டர் அதன் வாரிசு. அரபு மொழியில் அது 'ரத்ல்' என்று புரண்டது. தமிழில் பவுண்டுக்கு வழங்கும் பழைய பெயரான ராத்தல் அங்கிருந்து வந்ததே. இலங்கைக் கடைகளில் இன்றும் ஒரு ராத்தல் பாண் கேட்டால், 450 கிராம் ரொட்டி கைக்கு வரும்.