முன்னால் இருப்பவர் தலை மறைக்காத அரங்கம்

நீங்கள் ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில் சிறுவர்கள் பாயில் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். அதற்கும் பின்னால் ஆண்கள் நிற்பார்கள். கடைசியில் வந்தவர் என்ன செய்வார்? திண்ணையில் ஏறுவார். மாட்டு வண்டியில் ஏறுவார். எட்டி எட்டிப் பார்ப்பார்.

"தம்பி, 20 ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் இடம் இருக்கிறதாமே. கடைசியில் இருப்பவருக்கு என்ன தெரியும்?" எங்கள் கற்றல் மையத்தில் ஓர் அக்கா இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கே இருக்கிறது?

ஒடிசா மாநிலத்தில் சுந்தர்கர் என்று ஒரு மாவட்டம். பழங்குடி மக்கள் நிறைய வாழும் மாவட்டம். அங்கே ரூர்கேலா என்ற நகரம் இருக்கிறது. அது இரும்பாலை நகரம். அந்த நகரில்தான் பிர்சா முண்டா ஹாக்கி அரங்கம் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023 ஜனவரி 5 அன்று அப்போதைய ஒடிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக் திறந்து வைத்தார். அங்கே 20,011 இருக்கைகள் உள்ளன. எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் ஹாக்கி அரங்குகளில் உலகிலேயே பெரியது இது என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் 2023-இல் சான்று தந்தது.

பிர்சா முண்டா யார்? ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து முண்டா மக்களைத் திரட்டியவர். 1875-இல் பிறந்தார். 1900-இல் ராஞ்சி சிறையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24.

ஏன் அந்த ஊரில்?

சுந்தர்கர் கிராமங்களில் ஹாக்கி வெறும் விளையாட்டு அல்ல. அது ஊர்த் திருவிழா. வயல் அறுவடையான பிறகு அங்கேயே பந்தயம் நடக்கும். வென்ற அணிக்குப் பரிசு என்ன தெரியுமா? ஓர் ஆடு! பிள்ளைகள் மூங்கில் குச்சியை வளைத்து மட்டை செய்துகொள்வார்கள்.

இந்த மண்ணிலிருந்து பல வீரர்கள் இந்திய அணிக்குப் போனார்கள். திலீப் திர்க்கி இந்த மாவட்டத்து சவுனாமாரா கிராமத்தில் பிறந்தவர். 3 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். அமித் ரோஹிதாஸ், தீப் கிரேஸ் எக்கா ஆகியோரும் இந்த மாவட்டத்தவரே.

எவ்வளவு இடம் வேண்டும்?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஹாக்கி ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர். அகலம் 55 மீட்டர். நான்கு பக்கத்தையும் கூட்டினால் சுற்றளவு சுமார் 293 மீட்டர்.

ஒருவர் உட்கார ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம் தேவை. களத்தின் ஓரத்தில் ஒரே வரிசையாகச் சுற்றி உட்கார்ந்தால் சுமார் 640 பேர்தான் உட்காரலாம். 20 ஆயிரம் பேருக்கு எத்தனை வரிசை வேண்டும்? 20,000-ஐ 640-ஆல் வகுங்கள். சுமார் 31 வரிசை வரும். பின்வரிசைகள் சுற்றில் பெரியவை. அதனால் அவற்றில் கூடுதலானவர்கள் உட்காரலாம். வரிசை சற்றுக் குறையும்.

20,011 இருக்கைகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால் என்ன ஆகும்? 9 கிலோமீட்டருக்கு மேல் போகும்!

கடைசி வரிசைக்கு எப்படித் தெரிகிறது?

அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

நம் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும். முன்னால் இருப்பவரின் உச்சந்தலைக்கு மேலே நம் பார்வை போக வேண்டும். அப்படிப் போய், களத்தின் அருகிலுள்ள கோட்டைத் தொட வேண்டும். அப்போதுதான் ஆட்டம் முழுவதும் தெரியும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் முன் வரிசையைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள்.

எல்லாப் படியும் ஒரே உயரமாக இருந்தால் போதுமா? போதாது. பின்னால் போகப் போகப் படி கொஞ்சம் கொஞ்சமாக உயர வேண்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்காரருக்குத் தலைகள்தான் தெரியும். பெரிய அரங்கின் மேல்தளம் செங்குத்தாக இருப்பது இதனால்தான்.

ஹாக்கிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பந்து சிறியது. ஆரஞ்சுப் பழ அளவுதான். அது தரையோடு தரையாக மின்னல்போல் ஓடும். தூரத்தில் உட்கார்ந்தால் பந்து கண்ணுக்கே அகப்படாது. அதனால் ரூர்கேலாவில் இருக்கைகளைக் களத்துக்குக் கிட்டத்தில் அமைத்தார்கள்.

வீரர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. உடை மாற்றும் அறையிலிருந்து பயிற்சிக் களத்துக்குப் போக ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. கூட்டத்துக்குள் புகாமல் அவர்கள் போய் வரலாம்.

உயிர் காக்கும் கணக்கு

உட்கார வைப்பது பாதி வேலைதான். எல்லோரையும் பத்திரமாக வெளியே அனுப்புவது மீதி வேலை.

1980 ஆகஸ்ட் 16. கொல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் கால்பந்து ஆட்டம். ரசிகர்களுக்குள் மோதல் மூண்டது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

2025 ஜூன் 4. பெங்களூரு கிரிக்கெட் அரங்கின் வாசல்களில் வெற்றி விழாவுக்காகப் பெரும் கூட்டம் கூடியது. நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அவர்கள் அரங்குக்கு உள்ளே இறக்கவில்லை. வாசலுக்கு வெளியே இறந்தார்கள். ஆகவே வெளியே போகும் வழி மட்டும் போதாது. உள்ளே வரும் வழிக்கும் திட்டம் வேண்டும்.

வாசல் எத்தனை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. 8 நிமிடத்துக்குள் எல்லோரும் இருக்கைப் பகுதியை விட்டு வெளியேற முடிய வேண்டும் என்கிறது அந்த நூல். 1 மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம் என்றும் சொல்கிறது. படிக்கட்டு என்றால் இன்னும் குறைவு.

20,000 பேருக்குக் கணக்குப் பார்ப்போம்.

8 நிமிடத்தில் வெளியேற, நிமிடத்துக்கு 2,500 பேர் போக வேண்டும்.
2,500-ஐ 82-ஆல் வகுத்தால் சுமார் 31.
அதாவது எல்லா வாசல்களின் அகலமும் சேர்ந்து 31 மீட்டர் வேண்டும்.
ஒரு வாசல் 2 மீட்டர் என்றால், 16 வாசல்கள் வேண்டும்.

இது நமக்குப் புரிவதற்கான கணக்கு. ஒவ்வோர் அரங்குக்கும் பொறியாளர்கள் தனியே கணக்கிடுவார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அந்த 16 வாசல்களில் 4 வாசலை யாரோ பூட்டி வைத்துவிட்டால்? 8 நிமிடம் 10 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். தீப்பிடித்தால் அந்த 2 நிமிடம் எத்தனை உயிர்! திட்டம் தாளில் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஆட்ட நாளில் கதவு திறந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இடம்

சக்கர நாற்காலியில் வருபவர் படி ஏற முடியாது. அவருக்குச் சாய்தளம் வேண்டும். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சாய்தளம் என்பது பொதுவான அளவு. அவர் இருக்கும் இடத்துக்கு முன்னால் மற்றவர்கள் எழுந்து நின்றாலும் அவருக்குக் களம் தெரிய வேண்டும். பெண்களுக்குப் போதிய கழிப்பறை வேண்டும். குடிநீர் வேண்டும். இவற்றைக் கட்டும்போதே திட்டமிட வேண்டும். பிறகு சேர்ப்பது கடினம்.

இந்தியாவின் முதல் ஆட்டம்

2023 ஜனவரி 13. உலகக் கோப்பைப் போட்டி. ரூர்கேலாவில் இந்தியாவும் ஸ்பெயினும் மோதின. அரங்கம் நிறைந்திருந்தது. இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் யார் தெரியுமா? அந்த மாவட்டத்துப் பிள்ளை அமித் ரோஹிதாஸ்! இந்தியா 2-0 என வென்றது.

பிறகு ஹாக்கி இந்தியா லீக் போட்டியும் இங்கே வந்தது. இதில் வீரர்களை அணிகள் ஏலத்தில் எடுத்துச் சம்பளம் கொடுக்கின்றன. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் இங்கே வந்து ஆடியது. 2025 பிப்ரவரி 1 அன்று ஆண்களுக்கான இறுதி ஆட்டமும் இங்கேயே நடந்தது.

அரங்கம் பெரியது. ஆனால் ஆண்டு முழுவதும் அங்கே உலகக் கோப்பை நடக்காது. மூங்கில் மட்டையோடு வயலில் ஓடும் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா? இன்று பெரிய போட்டிகள் எல்லாம் செயற்கைத் தரையில்தான் நடக்கின்றன. அதில் ஆடிப் பழகாத பிள்ளை பின்தங்கிவிடும். அதனால்தான் சுந்தர்கரின் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை அமைக்கத் திட்டம் போட்டார்கள். அந்தத் தரைகளில் பிள்ளைகள் நாள்தோறும் ஆடினால்தான் பெரிய அரங்குக்கும் பொருள் உண்டு.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அடுத்த மாதம் நம்ம ஊர்த் திருவிழா வருகிறதே தம்பி. பந்தலுக்கு ஒரே வழிதானே வைக்கிறோம்?" என்றார்.

எழுதப் படிக்கக் கற்றதன் பயன் இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர்த் திருவிழாப் பந்தலில் எத்தனை பேர் கூடுவார்கள்? எத்தனை வழிகள் இருக்கின்றன?
2. அந்த வழிகளின் அகலத்தை அளந்து கூட்டுங்கள். எல்லோரும் வெளியே வர எத்தனை நிமிடம் ஆகும்?
3. எந்த வழியையாவது கடையோ வண்டியோ மறிக்கிறதா? யாரிடம் சொல்ல வேண்டும்? கூடிப் பேசுங்கள்.