வங்கிப் பெயரில் போலி முகவரி! 16 என்ஜினீயர்கள் ரகசியமாகக் கூடி ஓட்டையை அடைத்த கதை

பூட்டை உடைக்க வேண்டாம். சுவரில் கன்னம் வைக்க வேண்டாம். ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களைத் திருடன் தன் வாசலுக்கே வரவழைத்து விடலாம். இப்படி ஒரு வழி இருப்பதை 2008-ம் ஆண்டு தொடக்கத்தில் கண்டுபிடித்தவர், அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருந்த டான் காமின்ஸ்கி என்ற 29 வயது வாலிபர். நல்ல வேளை, ஆசாமி யோக்கியர்!

இன்டர்நெட்டில் நாம் வங்கியின் பெயரைத் தட்டுகிறோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். டைரக்டரி பார்த்து நம்பர் சொல்வது போல, பெயருக்கு எண் சொல்லவே தனி சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் பிரபல சாப்ட்வேர் ‘பைண்ட்’. 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் எழுதத் தொடங்கியது.

டோக்கன் தந்திரம்

எண் தெரியாவிட்டால் சர்வர் மேலிடத்தில் கேட்கும். கேள்வியோடு ஒரு டோக்கன் நம்பர் போகும். அதே நம்பரோடு வரும் பதிலை அப்படியே நம்பும். மொத்தம் 65,536 நம்பர்கள்தான். நிஜப் பதில் வருவதற்குள் திருடன் குத்துமதிப்பாகப் பொய்ப் பதில்களை அள்ளி வீசலாம். தவறினால் போச்சு. நிஜப் பதிலை சர்வர் மணிக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதுவரை அவன் தேவுடு காக்க வேண்டியதுதான். இந்தத் தைரியத்தில்தான் பலரும் இருந்தார்கள்.

காமின்ஸ்கி கண்டது வேறு. வங்கியைக் கேட்காமல், அதன் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று ஒட்டி, இல்லாத கிளைகளைக் கேட்டால்? ஒவ்வொன்றும் புதுக் கேள்வி. ஒவ்வொன்றும் புது வாய்ப்பு. ஒன்று பலித்தால் போதும், “வங்கியின் எண்ணும் இதுதான்” என்று கூடவே செருகிவிடலாம். சில விநாடி வேலை!

கப்சிப்

பைண்டைப் பராமரித்த அமைப்பின் தலைவர் பால் விக்சிக்கு அவர் போன் போட்டார். கேட்ட விக்சி, இதை இனி செல்போனில் பேசவே கூடாது என்று எச்சரித்தார்.

மார்ச் 31-ந் தேதி ரெட்மாண்டில் மைக்ரோசாப்ட் வளாகத்தில் 16 என்ஜினீயர்கள் கூடினார்கள். தொழிலில் போட்டியாளர்கள்கூட ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு அடைத்தால், அதைப் பிரித்துப் பார்த்தே திருடன் மற்றவர்களிடம் கைவரிசை காட்டிவிடுவான். எனவே ஜூலை 8-ந் தேதி எல்லோரும் ஒரே நாளில் திருத்தத்தை வெளியிட்டார்கள். இத்தனை பேர் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது பெரிய விஷயம்தான்.

திருத்தம் இதுதான்: டோக்கனோடு, கேள்வி புறப்படும் கதவையும் ஒவ்வொரு தடவையும் மாற்றுவது. கதவுகள் பல ஆயிரம். இரண்டையும் சேர்த்து ஊகிப்பது கோடிக்கணக்கில் ஒன்று. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற சிகாகோ பேராசிரியர் தன் சாப்ட்வேரில் இதை முன்பே செய்திருந்தார். அப்போது கேட்டவர்கள் குறைவு!

அவசரத் திருத்தத்தால், கூட்டம் மொய்க்கும் சர்வர்களில் பைண்டின் வேகம் படுத்துவிட்டது. ஆகஸ்டில் இரண்டாவது திருத்தம் வந்தது.

அதற்குள் ஜூலை 21-ந் தேதியே ரகசியம் கசிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் பகுதியில் ஒரு சர்வர் ஏமாந்தது. கூகுளைக் கேட்டவர்களுக்கு விளம்பரம் நிறைந்த போலிப் பக்கம் வந்து நின்றது.

கதவை மாற்றுவது ஊகிப்பதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். பதில் நிஜமா என்று பார்க்க முத்திரை வேண்டும். பெயர் வரிசையின் உச்சியில் அந்த டிஜிட்டல் முத்திரை 2010 ஜூலை 15-ல் விழுந்தது. காமின்ஸ்கி 2021-ல் 42 வயதில் காலமானார். முத்திரை போடாத பெயர்கள் இன்றைக்கும் ஏராளம்.