மின்சேமிப்பின் அரசியற் பொருளாதாரம்: இலங்கை அனுபவத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மின்சாரம் பிறப்பிக்கப்படும் கணத்திலேயே நுகரப்பட வேண்டிய பண்டமாகும். நெல்லைப் போல் அதைக் களஞ்சியத்திலிட்டுக் காலம் பார்த்து வழங்குவது எளிதன்று. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றால் இயங்கும் நிலையங்களில் எரிபொருளே சேமிப்பாக அமைந்தமையால் இவ்வுண்மை நெடுங்காலம் மறைந்திருந்தது. சூரியனும் காற்றும் மின்பிறப்பாக்க மூலங்களாகும்போது, சேமிப்பு தனித்ததொரு பொருளாதாரப் பிரச்சினையாக வெளிப்படுகின்றது.

இலங்கையில் அது 2025ஆம் ஆண்டிலே கூர்மையடைந்தது. பெப்ரவரி 9ஆந் திகதி, பாவனை குறைந்த ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு தழுவிய மின்தடையாக விரிந்தது. சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும் சுழலும் பாரிய இயந்திரங்களின் பங்கு குறைந்தும் இருந்தமை முறைமையின் தாங்குதிறனைக் குன்றச் செய்திருந்தது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் சூரியப்படலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. ஆனால், மாலை 6.30 மணிக்குப் பின் எழும் உச்சப் பாவனைக்கோ நீரும் எரிபொருளும் வேண்டியிருந்தன. பகலின் மிகையை இரவின் தேவையுடன் இணைப்பதே சேமிப்பின் பணியாகும்.

இப்பணியின் செலவு யாது? சேமித்து மீட்கையில் ஒரு பகுதி மின்சாரம் இழக்கப்படுவது உண்மையே. எனினும், பிரதான செலவு அதுவன்று; தொடக்கத்திலேயே முழுமையாக இடப்படும் மூலதனமே பிரதான செலவாகும். விளக்கத்தின் பொருட்டு, ஓர் அலகைத் தேக்கும் மின்கலத்தின் விலை 60,000 ரூபா எனவும் ஆயுள் 15 ஆண்டுகள் எனவும் கொள்வோம். நாள்தோறும் ஒருமுறை இயங்கின், அலகொன்றின் சேமிப்புச் செலவு ஏறத்தாழ 11 ரூபா. வாரம் ஒருமுறை மட்டும் இயங்கின் 77 ரூபா. நாள்தோறும் இயங்கும் அதே மின்கலத்தை 4 சதவீத வட்டிக்கடனில் வாங்கிச் சமதவணைகளில் அடைப்பின், 11 ரூபா 15 ரூபாவாகும். வட்டி 12 சதவீதமாயின் 24 ரூபாவாகும். அதாவது, அச்செலவிற் பாதிக்கு மேற்பட்டது கடன்கொடுத்தோனைச் சேர்கின்றது. 2022இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்திய ஒரு நாட்டுக்கு இக்கணக்கின் பொருள் தெளிவானது. சூரிய ஒளி இலவசமாயினும், அதை இரவுக்குக் கொண்டுசெல்லும் பாதையில் நிதிமூலதனம் சுங்கம் அறவிடுகின்றது.

இங்கு இன்னொரு முரண்பாடும் நோக்கற்பாலது. சந்தை விலைகள் நிலவும் நாடுகளில், சேமிப்பாளரின் இலாபம் பகல் விலைக்கும் மாலை விலைக்குமிடையிலான வேறுபாட்டிலிருந்து பெரிதும் எழுகின்றது. சேமிப்பு பெருகப் பெருக அவ்வேறுபாடு சுருங்கும். ஆகவே, சமூகத் தேவை நிறைவேறுமுன்னரே தனியார் முதலீடு தயங்கி நின்றுவிடும். தொடர்ந்து முகில் சூழும் நாட்களுக்காக அரிதாகவே இயங்கும் சேமிப்பைக் கட்டுவதற்கு இலாபநோக்கு முன்வருதல் அரிது.

‘மூலதனம்’ இரண்டாந் தொகுதியில் மார்க்ஸ், எந்தச் சமூக அமைப்பிலும் இன்றியமையாத சேமிப்பின் செலவையும், பண்டம் விற்பனையாகாது தேங்குவதால் எழும் செலவையும் வேறுபடுத்திக் காட்டினார். இரவுக்கான மின்சேமிப்பு முதல்வகையைச் சார்ந்தது. எனவே, அது பொதுத் திட்டமிடலுக்குரியது. அரசுடைமை என்ற பெயர் மட்டும் செலவைக் குறைத்துவிடாது. குறைந்த வட்டியில் நீண்டகால நிதியும், நாள்தோறும் முழுமையாகப் பயன்படுத்தும் ஒழுங்கமைப்பும் அதனுடன் இணைதல் வேண்டும். அவையின்றேல், மின்கலத்தை வாங்க வல்லோர் கூரைகளிலே ஒளியும் ஏனையோரின் பட்டியலிலே கட்டணமும் குவிவதைத் தடுக்கவியலாது.