விஷயாந்தரத்திற்கு ஒரு விதி

பலர் கூடி ஒரு காரியத்தை ஆலோசிக்கும் எந்தச் சபையிலும், எடுத்துக்கொண்ட விஷயத்தை விட்டுப் பேச்சு வேறு திக்கில் ஓடிவிடுவது மனித சுபாவமேயாதலால், அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் முறையை ஜனப்பிரதிநிதி சபைகள் வெகு காலமாக ஒரு கலையாகவே வளர்த்து வந்திருக்கின்றன. விஷயத்தை விட்டு விலகிப் பேசுபவரைச் சபாநாயகர் குறுக்கிட்டு நிறுத்தலாம் என்ற நியதி இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் 1604-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது.

அந்தப் பரம்பரையில் வந்ததே நம் மக்களவையின் 356-ஆவது நடைமுறை விதி. ஓர் அங்கத்தினர் சம்பந்தமற்றதையே பேசிக்கொண்டு போனாலும், தாம் சொன்ன வாதத்தையோ பிறர் சொன்ன வாதத்தையோ அலுப்புத் தட்டும்படி திரும்பத் திரும்ப எடுத்துரைத்தாலும், சபாநாயகர் முதலில் அதைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே பேச்சை நிறுத்துமாறு பணிக்கலாம். எச்சரிக்கை முந்தி வருவதால், பேசுபவருக்குத் தம் பேச்சை விஷயத்தோடு இணைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. இத்தகைய பொதுவிதி இல்லாத அமெரிக்க செனட் சபையிலோ, 1935-இல் ஹியூயி லாங் என்பவர் 15 மணி நேரத்துக்கு மேல் நின்று பேசிச் சபையின் அலுவலை முடக்கியபோது, சிப்பி வறுக்கும் பக்குவத்தைக்கூட விஸ்தாரமாக விவரித்தார்.

ஆயினும் தடுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. தொகுதியில் குடிநீரின்றித் தவிக்கும் ஜனங்களின் முறையீடு, அன்றைய மசோதாவுக்குச் சம்பந்தமற்றது என்பதனாலேயே அற்பமாகிவிடுமா? இத்தகைய முறையீடுகளுக்கும் சபையில் இடமளிக்க வேண்டிய தேவையிலிருந்தே, விதிப்புத்தகத்தில் பெயரே இல்லாத பூஜ்ய நேரம், கேள்வி நேரம் முடிந்த பகல் 12 மணியை ஒட்டி, 1960-களின் தொடக்கத்தில் வழக்கமாக வேரூன்றியது. அதற்குத் துணையாக 377-ஆவது விதியும் இருக்கிறது; அங்கத்தினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற வாசகத்தை அதன்கீழ்ச் சபையில் தெரிவிக்கலாம்.

கிராம சபையாயினும் சங்கக் கூட்டமாயினும், தலைமை வகிப்பவர் கைக்கொள்ளத்தக்க தர்மம் இதுவே: ‘இங்கே இதைப் பேசாதீர்’ என்று சொல்ல அதிகாரம் பெற்றவர், ‘இன்ன வேளையில் பேசலாம்’ என்று சொல்லவும் கடமைப்பட்டவர். அந்த இரண்டாவது வார்த்தை நிச்சயமாக உண்டு என்ற நம்பிக்கை இருந்தால், முதல் வார்த்தைக்கு எவரும் மனம் கசக்காமல் கட்டுப்படுவர்.