எஸ்.பி.எம். முடிந்தது, அடுத்து? – 8: தூக்கத் தெரிந்த கைகள்

சென்ற வாரம் தாதிமைப் படிப்பைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்குப் பக்கத்து வகுப்பறை: பிசியோதெரபி.

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப வீட்டில் என்ன செய்கிறோம்? அக்குளில் கை கொடுப்போம், அல்லது விழுந்துபோன கையையே பிடித்து இழுப்போம். பிசியோ மாணவர்கள் ஆரம்பத்திலேயே செய்யக்கூடாது என்று கற்பது இதைத்தான். தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் இழுத்த இழுப்பில் மூட்டு இறங்கிவிடும். நடக்கப் பழக வந்தவர் அப்புறம் தோள் வலியில்தான் துடிப்பார்.

முறை வேறு. சக்கர நாற்காலியை நோயாளியின் நல்ல பக்கத்தில் சற்றுச் சாய்வாகப் போட்டு, பிரேக்கைப் பூட்டி, கால் பலகையை மடக்கிவிட வேண்டும். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதமும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்தபடி, தன் முட்டியால் அவருடைய தளர்ந்த முட்டிக்கு அண்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எழும்போதே அது மடங்கிவிடும். "முன்னால குனிங்க பாட்டி, இன்னும் கொஞ்சம்… சத்து, டுவா, தீகா!" எழுந்தாயிற்று, திரும்பியாயிற்று, உட்கார்ந்தாயிற்று. ஒல்லியான பெண் பிள்ளைகூட கனத்த ஆளை இப்படி மாற்றிவிடலாம்.

கைத்தடியிலும் ஒரு சங்கதி உண்டு. வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். கோயில் வாசலில் நின்று கவனியுங்கள், எத்தனை பேர் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள் என்று!

மலேசியாவில் இது மூன்றாண்டு டிப்ளோமா. எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வில் ஐந்து கிரெடிட் வேண்டும், அதில் கணிதமும் ஓர் அறிவியல் பாடமும் அடக்கம். சுங்கை பூலோவில் உள்ளது போன்ற சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் படிக்கலாம். முதலில் உடற்கூறியல் திணறடிக்கும். பிறகு எலும்பு, நரம்பு, இதயம்–நுரையீரல் என்று பிரிந்து போய் வார்டுப் பயிற்சியில் முடியும். சார்பு சுகாதாரத் தொழில்களுக்கான 774ஆம் சட்டம் 2016இல் வெளியாகி, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள 23 தொழில்களில் பிசியோதெரபியும் ஒன்று. கால் பிடித்துவிடும் கடைகளெல்லாம் 'பிசியோ' என்று பலகை மாட்டிய காலம் முடிந்தது, சட்டப்படியாவது.

ஜோகூரில் இந்த வேலைக்குத் தேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விடியுமுன்பே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு விரையும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உடைந்த தொடை எலும்புகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும்தான். பிழைத்தவர்கள் ஊன்றுகோலோடு பிசியோ அறைக்கு வருகிறார்கள். இன்னொரு பக்கம் நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களான நமக்கு. கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் மீண்டும் நிற்கச் சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தமிழில் 'வலிக்குதா', மலாயில் 'சாகிட்', சீனத்தில் 'தோங் மா' மூன்றும் நாக்கில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் இரண்டும் ஏற்கெனவே வரும்.

என் மனக்குறை ஒன்று. ஐந்து கிரெடிட் எட்டாத பிள்ளைக்கு இந்தத் துறையில் முறையான படிக்கட்டு இல்லை. அமெரிக்காவில் பிசியோதெரபி உதவியாளர் என்று தனிப் படிப்பே இருக்கிறது. முதல் அணி 1969இல் மயாமியிலும் மின்னசோட்டாவிலும் படித்து வெளியே வந்தது, மொத்தம் 15 பேர். இன்று அங்கே சமூகக் கல்லூரிகளில் ஏறக்குறைய இரண்டாண்டில் அதை முடித்து, உரிமத் தேர்வு எழுதி வேலைக்குப் போகிறார்கள். சோதித்துத் திட்டம் வகுப்பது தெரபிஸ்ட். அதை நோயாளியோடு நின்று செய்விப்பது உதவியாளர். நம்மிடமும் 2001 முதல் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. ஜோகூரிலேயே சிகாமட், பாசிர் கூடாங், பண்டார் பெனாவார் என்று சொல்லிக்கொண்டு போகலாம். பேஸ்ட்ரியும் தையலும் வாகனப் பழுதுபார்ப்பும் கற்றுத்தரும் இடத்தில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைக் கற்றுத்தர முடியாதா? தனியார் கிளினிக்குகளில் உதவிக்கு நிற்கும் பிள்ளைகள் இப்போது பார்த்துப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்குச் சான்றிதழ் கிடையாது. கடை மாறினால் மறுபடி அடியிலிருந்துதான்.

சிங்கப்பூர் சம்பளத்தை நினைத்து இதில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கும் முன்பு நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியின் டிப்ளோமாதான் வழியாக இருந்தது. இப்போது பட்டப்படிப்புக்கு மாறிவிட்டார்கள். இங்கே தெரபிஸ்டாக நிற்பவர் அங்கே உதவியாளராக நிற்க வேண்டி வரலாம்.

தனியார் கல்லூரியில் பதிவதற்கு முன் பெற்றோர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் முழுமையா, தற்காலிகமா? இந்த டிப்ளோமாவை வைத்து 774ஆம் சட்டத்தின்கீழ் பதிய முடியுமா? வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம்? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் அட்வான்ஸ் கட்டாமல் வீடு திரும்புங்கள்.

(அடுத்த வாரம்: மருந்தக உதவியாளர்)