எதற்கு முதலிடம்? மஷூரா செய்து முடிவெடுப்போம்



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவி நிதிக்கு வரும் மனுக்கள் எல்லாமே நியாயமானவை. ஒருவருக்கு டயாலிசிஸ், இன்னொருவருக்கு விபத்தில் முறிந்த கால், மற்றொருவருக்கு மகளின் பிரசவச் செலவு. எல்லோருக்கும் முழுமையாகக் கொடுக்கப் பணம் போதாது. முதலில் வந்தவருக்கு, அல்லது நிர்வாகிகளுக்குத் தெரிந்தவருக்கு என்று கொடுத்தால் அது அமானிதத்துக்கு அழகல்ல. எதற்கு முன்னுரிமை என்பதை மஹல்லாவே கூடி முடிவு செய்ய வேண்டும். அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

மஷூரா நமக்குப் புதிதல்ல. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், ஸர்ஃ என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. மேலே போவதா, திரும்புவதா? அவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்துக் கேட்கவில்லை. முதலில் முஹாஜிர்களைத் தனியாக அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. பிறகு அன்ஸார்களைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. கடைசியாகக் குறைஷிப் பெரியவர்களைக் கேட்க, அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். முடிவு அறிவித்த பிறகு, அதுவரை அங்கில்லாத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். புகாரியில் பதிவான இந்தச் சம்பவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் உண்மையான கருத்து வெளிவரும். கூட்டத்துக்கு வராதவரிடமும் முக்கியமான தகவல் இருக்கும்.

1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் என்ற ஆய்வாளர்கள் வகுத்த கூட்ட முறையும் இந்த வழியில்தான் போகிறது. அதன் படிகள் எளியவை:

1. ஒவ்வொருவரும் பேசாமல், தமக்குத் தெரிந்த சுகாதாரப் பிரச்சினைகளைத் தாளில் எழுதுவார்கள்.
2. சுற்றாக ஆளுக்கு ஒன்று சொல்ல, எல்லாம் பலகையில் ஏறும். அப்போது விவாதம் கிடையாது.
3. புரியாததை விளக்கச் சொல்லிக் கேட்கலாம்.
4. ஒவ்வொருவரும் ஐந்தைத் தேர்ந்து, மிக முக்கியமானதற்கு 5, அடுத்ததற்கு 4 என்று சீட்டில் ரகசியமாக மதிப்பெண் இடுவார்கள்.
5. கூட்டிப் பார்த்து, மதிப்பெண்கள் மிகவும் விலகி நின்றால் காரணம் பேசி, மறுபடியும் சீட்டு எழுதுவார்கள்.

சத்தமாகப் பேசுபவருக்கும் வாய் திறக்காதவருக்கும் இதில் ஒரே உரிமை. நைட் ஷிஃப்ட் காரணமாக வர முடியாதவர்களுக்குப் படிவத்தை வீட்டுக்கே அனுப்பி, தொகுத்த விவரத்தைக் காட்டி, இரண்டாம் முறையும் கேட்கலாம். 1950-களில் ராண்ட் நிறுவனத்தில் உருவான இந்த வழிக்கு டெல்ஃபி முறை என்று பெயர்.

மதிப்பெண் போடும்போது எதைப் பார்ப்பது? பொதுச் சுகாதாரத் துறையில் ஹான்லன் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு மதிப்பெண், அதை இரண்டால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, நம் முயற்சியால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதற்கான மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் பரவல் 8, கடுமை 7, பலன் 7 என்று வைத்தால் மொத்தம் 154. டயாலிசிஸ் உதவிக்குப் பரவல் 2, கடுமை 10, பலன் 5 என்றால் 110. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம்.

இதனால் டயாலிசிஸ் நோயாளியைக் கைவிடுவதா? இல்லை. அந்தச் செலவை வேறு யாராவது ஏற்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. டயாலிசிஸும் அதில் அடங்கும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு, ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தாலும், இஎஸ்ஐ உரிமை உண்டு. அரசு தருவதை வாங்கித் தருவதும் உதவிதான். அங்கே மிச்சமாகும் பணம் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் உதவும். ஜகாத் நிதி அதற்குரிய எட்டு வகையினருக்கே போக வேண்டும். பரிசோதனை முகாம் போன்ற பொதுப் பணிக்கு சதகா, நன்கொடைப் பணத்தையே ஒதுக்க வேண்டும்.

யார் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பட்டியல் அமையும். பள்ளிவாசல் கூடத்தில் ஆண்கள் மட்டும் அமர்ந்தால் பெண்களின் ரத்தசோகையும் இடுப்புவலியும் பலகையில் ஏறாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். நெடுஞ்சாலை மறியலுக்குப் பிறகே அந்த விடுதிகளின் நிலை ஊருக்குத் தெரிந்தது. இன்று நம் வல்லம் வடகாலிலேயே, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி இருக்கிறது. விடுதிப் பெண்களும், வாடகை அறைகளில் தங்கியுள்ள வடமாநிலச் சகோதரர்களும் நம் அண்டை வீட்டார். அவர்களில் சிலரையாவது கேட்காமல் பட்டியலை முடிக்கக் கூடாது.

முடிவான பட்டியல் நம் பெட்டியிலேயே கிடக்கக் கூடாது. குடிநீர், கழிவுநீர், கொசு போன்றவை ஊராட்சியின் பொறுப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம். உலக வங்கிக் கடனுதவியுடன் 2019-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில், மக்களின் தேவைகளைக் கேட்கும் சுகாதாரப் பேரவைகளும் இடம்பெற்றன. தாய்லாந்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய பேரவை தேசிய அளவிலேயே கூடுகிறது. இங்கேயும் "எங்களுக்கு எல்லாம் வேண்டும்" என்பவரைவிட, "இன்னின்ன காரணத்தால் இந்த மூன்று வேண்டும்" என்று வரிசைப்படுத்திக் கேட்பவரின் மனுவுக்குப் பதில் சொல்வது அதிகாரிக்கும் எளிது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமர்வுகள் நடக்கும். நாள், ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கப்படும். அதற்குள் வீட்டில் எல்லோரிடமும், குறிப்பாக உம்மாவிடமும் மருமகளிடமும், ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: நம் ஊரில் முதலில் தீர வேண்டிய உடல்நலக் குறை எது? பதிலையும் காரணத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். வர இயலாதவர்கள் அலுவலகத்தில் படிவம் பெற்றுக்கொள்ளலாம். இறுதிப் பட்டியல், ஒவ்வொன்றும் பெற்ற மதிப்பெண்ணுடன், இந்த இதழிலேயே வெளியாகும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்