புதிய நகரில் குழு மிதிவண்டிப் பயணம்

குழு மிதிவண்டிப் பயணம் என்பது பலர் ஓரிடத்தில் கூடி, முன்னரே முடிவு செய்த சாலையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் மிதிவண்டி ஓட்டிச் சென்று திரும்புவதாகும். இது பந்தயம் அன்று. நகரங்களில் பெரும்பாலும் விடுமுறை நாள்களின் அதிகாலையில், போக்குவரத்து தொடங்கும் முன் நடைபெறுகிறது. படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு நகருக்குக் குடிபெயர்பவர் இத்தகைய குழுவை எவ்வாறு கண்டறிவது, தனக்கு ஏற்ற பயணம் எது என்று எவ்வாறு அறிவது என்பதை இக்கட்டுரை முதன்மையாகச் சென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொந்த ஊரில் சைக்கிள் ஓட்டுபவருக்கு எந்தச் சாலையில் எப்போது லாரிகள் வரும், எந்தத் தெருவில் நாய்கள் துரத்தும், எந்தத் தேநீர்க் கடை ஐந்து மணிக்கே திறந்திருக்கும் என்பதெல்லாம் தெரியும். நகரம் மாறியதும் அந்த அறிவு முழுவதும் பயனற்றுப் போகிறது. குழுவில் சேர்வதால் நட்பு கிடைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் முதலில் கிடைப்பது இந்த உள்ளூர் அறிவு. பழக்கமில்லாத நெடுஞ்சாலையில் இருட்டில் தனியே செல்பவருக்கு அது உயிர் தொடர்பான செய்தி.

இது பழைய தேவையே. பிரித்தானியாவில் 1878-இல் தொடங்கப்பட்ட சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப், பல ஊர்களிலும் தன் உறுப்பினர் சிலரைக் 'கான்சல்' என்ற பெயரில் அமர்த்தியிருந்தது. வெளியூரிலிருந்து வரும் உறுப்பினருக்குச் சாலையின் நிலை, தங்குமிடம், பழுதுபார்ப்பவர் பற்றிச் சொல்வது அவர் பணி. இன்றைய நகரக் குழுக்களில் அந்தப் பட்டப்பெயர் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யும் ஒருவர் ஏறத்தாழ எல்லாக் குழுவிலும் இருக்கிறார்.

எங்கே தேடுவது

சென்னையில் குழுக்கள் பகுதிவாரியாக இயங்குகின்றன. வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப் என்ற பெரிய தன்னார்வ அமைப்புக்கு நகரின் பல பகுதிகளில் கிளைகள் உள்ளன. புதிதாக வருபவர் நகரிலேயே பெயர்பெற்ற குழு எது என்று தேடுவதைவிட, தன் வீட்டுக்கு அருகில் புறப்படும் குழு எது என்று தேடுவது நல்லது. அம்பத்தூரில் குடியிருப்பவர் திருவான்மியூரில் ஐந்து மணிக்கு நிற்க வேண்டுமானால், மூன்றரை மணிக்கு எழுந்து நகரின் குறுக்கே தனியாக ஓட்ட வேண்டும். இரண்டு வாரம் செய்வார். மூன்றாம் வாரம் தூங்கிவிடுவார்.

ரோடு பைக் விற்கும், பழுதுபார்க்கும் கடைகள் நல்ல தகவல் மையங்கள். அங்குள்ள மெக்கானிக்குக்கு யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள், எந்தக் குழு புதியவர்களை ஏற்கிறது, எந்தக் குழு வேகத்தில் மட்டும் குறியாக இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். செயின் மாற்றப் போகும்போது கேட்டால் போதும்.

மற்றொரு வழி சாலையிலேயே போய் நிற்பது. ஞாயிறு காலை ஆறு மணியளவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரைக்கும் முட்டுக்காட்டுக்கும் இடையே சென்றால், கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் கடப்பதைக் காணலாம். ஓடிக்கொண்டிருக்கும் குழுவின் பின்னால் கேட்காமல் ஒட்டிக்கொள்வது மரியாதையும் அன்று, பாதுகாப்பும் அன்று. அவர்கள் தேநீருக்கு நிற்கும் இடத்தில் பேச்சுக் கொடுக்கலாம். சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்கள் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார்கள்.

2009-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா செயலியும் உதவும். ஒரு சாலையின் குறிப்பிட்ட பகுதியை யார் யார், எந்த நாளில், என்ன வேகத்தில் கடந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். ஒரே நேரத்தில் கடந்த பெயர்கள் சேர்ந்து வந்தால் அது ஒரு குழு. இதையே திருப்பிப் பார்த்தால், உங்கள் விடுதி அல்லது வீடு இருக்கும் இடத்தையும் மற்றவர்கள் அறியலாம். பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி அதன் அமைப்புகளில் உண்டு. தனியாகத் தங்கியிருப்பவர்கள் அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

குழுவைக் கண்டுபிடிப்பது எளிது. பொருத்தமான பயணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே குழு ஒரே வாரத்தில் நடத்தும் இரண்டு பயணங்கள் முற்றிலும் வேறுபட்டவையாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் 'ஞாயிறு, மாமல்லபுரம், 5 மணி' என்ற ஒரு வரி அறிவிப்பு பழையவர்களுக்குப் போதும், புதியவருக்குப் போதாது. தூரம், வேகம், பின்தங்குபவருக்குக் காத்திருப்பார்களா என்பது, திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூரம் எங்கிருந்து கணக்கிடப்படுகிறது என்பது முக்கியம். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு சென்று திரும்ப ஏறத்தாழ 40 கி.மீ.; மாமல்லபுரம் என்றால் ஏறத்தாழ 90 கி.மீ. வீட்டிலிருந்து கூடுமிடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் ஓட்டுவது இதில் சேராது. தாம்பரம் பக்கம் குடியிருப்பவர் அதையும் கூட்டிப் பார்த்தால் 90 என்பது 130-ஐத் தாண்டிவிடும்.

வேகத்தில் குழப்பம் இன்னும் அதிகம். குழுக்கள் சொல்லும் சராசரி வேகம் பெரும்பாலும் சக்கரம் உருண்ட நேரத்தை மட்டும் கொண்டு கணக்கிடப்படுவது. சிக்னலில் நின்றதும் இட்லி சாப்பிட்டதும் கழிக்கப்பட்டுவிடும். மேலும், சராசரி 25 என்றால் திறந்த சாலையில் 30-க்கு மேல் ஓட்டுகிறார்கள் என்றே பொருள். நகருக்குள் மெதுவாகச் சென்றதை அது ஈடுகட்டுகிறது. தனியாக 22 கி.மீ. சராசரி ஓட்டுபவர் 24 என்று அறிவிக்கும் குழுவோடு சமாளிக்கலாம். 28 என்று அறிவிக்கும் குழுவோடு முதல் நாளே போனால், முட்டுக்காட்டுப் பாலத்தை அடையும் முன் தனியாகிவிடுவார்.

அப்போது என்ன நடக்கும் என்பதே கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி. ஆங்கிலத்தில் 'நோ டிராப்' என்று சொல்லப்படும் பயணங்களில் யாரையும் விட்டுச் செல்வதில்லை. முன்னால் செல்பவர்கள் குறித்த இடங்களில் நின்று அனைவரும் சேர்ந்த பின்னரே நகர்வார்கள். அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் கடைசியாக வருவார். அவரை 'ஸ்வீப்' என்பர். 'டிராப்' பயணத்தில் பின்தங்கியவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் தவறு ஏதுமில்லை, உடன்பாடு அப்படி. ஆனால் அந்த உடன்பாடு தெரியாமல், பஞ்சர் ஒட்டத் தெரியாத ஒருவர், கைப்பேசியில் பத்து விழுக்காடு மின்சாரத்தோடு, தெரியாத சாலையில் நிற்பதுதான் சிக்கல். 'யார் ஸ்வீப்?' என்று கேட்டால் ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்று பதில் வந்தால், யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் கூடுதலாகச் சிலவற்றைக் கேட்பது வழக்கம்: வேறு பெண்கள் வருகிறார்களா, கூடுமிடத்தில் விளக்கு உண்டா, திரும்பும்போது தன் பகுதி வரை யாராவது வருவார்களா என்பன. நல்ல குழுக்கள் இக்கேள்விகளை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன.

காற்று

குழுவாக ஓட்டுவது எளிதாக இருப்பதற்குக் காரணம் காற்று. தட்டையான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. அதற்கான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுவதால், வேகம் 25-லிருந்து 30-ஆக உயர்ந்தால் தேவை 70 விழுக்காட்டுக்கும் மேல் கூடுகிறது. முன்னால் செல்பவரின் பின்னே நெருங்கி ஓட்டுபவருக்கு உழைப்பு நான்கில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலுமோ குறைகிறது. முன்னிடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வதால், தனியே யாராலும் முடியாத வேகத்தைக் குழு எட்டுகிறது.

இந்த வசதியில் ஓர் ஆபத்து உண்டு. முன்னவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் உரசினால், பெரும்பாலும் விழுவது பின்னவரே. ஆகவே முதல் சில வாரங்களில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும். முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்கு இணையாக நுழைந்து நிற்கக் கூடாது.

சென்னைக்கென ஒரு தனிப்பாடமும் இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று வீசுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும். புதியவர் தன் கால்களுக்குத் திடீர் வலிமை வந்துவிட்டதாக நினைத்துக் கோவளத்தைத் தாண்டிவிடுவார். திரும்பி வடக்கே பார்த்ததும் விவரம் புரியும். கோடையில் காற்று தெற்குப் பக்கமிருந்து வருவதால் நிலைமை தலைகீழ். போகும்போது பாடுபட்டால் வரும்போது ஆறுதல்.

முதல் பயணம்

சென்னையில் டிசம்பர் இறுதியில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கும், மே நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்பும் உதிக்கிறது. ஐந்து மணிக்குப் புறப்படும் பயணம் எந்த மாதத்திலும் இருட்டில்தான் தொடங்கும். முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, தலைக்கவசம் இல்லாதவரைப் பல குழுக்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

பொருத்தமான அளவுள்ள ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்பிகள், கைப்பம்பு ஆகியவை கையில் இருக்க வேண்டும். பல ரோடு பைக்குகளில் பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வு இருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயும் தெருமுனைப் பஞ்சர் கடைக் குழாயும் அதில் பொருந்தாது. விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மாற்று டியூப் இல்லாமல் வருபவரைக் குழு ஒருமுறை மன்னிக்கும்.

குழுவில் பேச்சைவிடக் கை அதிகம் பேசும். கீழே சுட்டினால் பள்ளம். முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தால் ஓரத்தில் வண்டி நிற்கிறது, விலகு. உயர்த்திய கை நிற்கப்போவதைக் குறிக்கும். முழங்கையைச் சொடுக்கினால் 'நீ முன்னால் வா' என்று பொருள். அடையாளத்தைப் பெற்றவர் அதைத் தனக்குப் பின்னால் வருபவருக்குக் கடத்த வேண்டும். அவர் பள்ளத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முதுகைத்தான் பார்க்கிறார்.

பெரும்பாலான குழுப் பயணங்கள் கட்டணமற்றவை. கட்டணம் இல்லாத இடத்தில் காப்பீடும் பொறுப்பேற்பவரும் இல்லை என்பதை உணர்ந்தே செல்ல வேண்டும். அவசரத் தொடர்பு எண்ணையும் இரத்த வகையையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. பூட்டிய கைப்பேசியைவிட ஒரு துண்டுச் சீட்டு விரைவாகப் பயன்படும். ஆம்புலன்சுக்கு 108.

ப்ரெவே பயணங்கள்

ஒத்த வேகத்தினரைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி ப்ரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணம். பாரிசில் 1904-இல் தொடங்கப்பட்ட ஒடாக்ஸ் கிளப் பாரிசியன் இவற்றின் விதிகளை வகுக்கிறது. இந்தியாவில் ஒடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் ஒருங்கிணைக்கிறது. 200 கி.மீ. தூரத்தை 13½ மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். 13½ மணியில் 200 என்றால், ஓய்வும் உணவும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ.க்கும் குறைவு. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. பத்து மணி நேரம் ஒரே சாலையில் ஓட்டும்போது வேகம் ஒத்தவர்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்து விடுகிறார்கள். குழுவில் சேரக் கூச்சப்படுபவருக்கு, வார இறுதிக் கூட்டத்தைவிட இதுவே ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 60, 70 கி.மீ. சில முறை ஓட்டிய பின் பதிவுசெய்யலாம்.

பெங்களூருவில்

தமிழ்நாட்டிலிருந்து பலர் குடிபெயரும் பெங்களூருவில் கணக்கு மாறுகிறது. நகரமே கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக அமைந்துள்ளது. சென்னைச் சமவெளியில் 26 ஓட்டியவர் அங்கு 22-க்குத் திணறுவது இயல்பு. அங்கே தூரத்தோடு மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்றும் கேட்க வேண்டும். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை அங்குள்ள சைக்கிள்காரர்களின் அளவுகோல்.

உள்ளூர் அறிவு தேவை என்பதற்கும் அங்கே ஒரு சான்று உண்டு. 2023 ஆகஸ்டு 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர மோட்டார் வண்டிகள், ஆட்டோக்களோடு மிதிவண்டிகளும் தடைசெய்யப்பட்டன. பக்கவாட்டுச் சாலையையே பயன்படுத்த வேண்டும். வரைபடத்தை மட்டும் நம்பி வழி போடுபவருக்கு இத்தகைய தடைகள் கண்ணில் படாமல் போகலாம். சென்னையிலும் பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ ரயில் பணிகள் தொடங்கியபின் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும் ஓட்டும் இடத்தைச் சுருக்கிவிட்டன. அப்படிப்பட்ட மாற்றங்களை முதலில் அறிபவர்கள் நாள்தோறும் அங்கே ஓட்டுபவர்கள்.

மழைக்காலத்தில் குழுப் பயணங்கள் பெரும்பாலும் கடைசி நேரத்தில் கைவிடப்படும். அந்தச் செய்தி முந்தைய இரவும் வரலாம், விடியற்காலை நாலரை மணிக்கும் வரலாம். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காலணி மாட்டும் முன் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.